லட்டுவுக்காக ஒரு ஜெபம்

"லட்டு இன்னும் குண்டானா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்!"

கூண்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தன் செல்ல எலியைக் காட்டிப் பதறினாள் ஜோசலின்.

"நான் அளந்துதான் வைக்கிறேன். அப்புறம் எப்படி எடை ஏறுது? ஃபிரெடி, நீங்கதானே திருட்டுத்தனமா முறுக்கு குடுக்கறீங்க?"

"சத்தியமா இல்லை ஜோ! மேடவாக்கம் டிராஃபிக்ல மாட்டி இப்பதானே உள்ள வர்றேன்."

"பொய் சொல்லாதீங்க. லட்டுவுக்கு ஏதாவது ஆச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

"சண்டையை நிறுத்துங்க. ஜெப நேரமாச்சு. லட்டுவுக்காகவும் ஜெபிப்போம்" என்றார் மாமனார் சுந்தர்சிங்.

கணவனும் மனைவியும் கண்களை மூடினார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியில் அமர்ந்து மாமனார் உருக்கமாகத் தொடங்கினார்.

"ஆண்டவரே, இந்தச் சின்ன ஜீவனை இளைக்கப் பண்ணும். அதுக்கு ரகசியமாய்த் தீனி கொடுக்கிறவர்களின் இருதயத்தை மாற்றும்..."

நறுக், நறுக் என்று ஏதோ கடிபடும் சத்தம் கேட்டது.

ஜோசலின் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தாள்.

மாமனாரின் கை கூண்டுக்குள் முறுக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்களும் திறந்துதான் இருந்தன.

குரல் பிசிறாமல் அவர் தொடர்ந்தார்: "ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து பார்க்கிற என் மருமகளையும் மன்னியும் ஆண்டவரே, ஆமென்!"

"ஆமென்!" என்றான் ஃபிரெடி, மூடிய கண்களோடு.