அமீன் பாயின் கடைசி வேலை

“அடுப்பை அணைச்சிடும்மா. சோறு வேகற வரைக்கும் என்னால நிக்க முடியாது” என்றார் ஜெகபர் அலி. சட்டையில் ரோஜாப்பூ குத்தியிருந்த அவரைப் பார்த்தால், விருந்துக்கு வந்த இடத்தில் அவசரப்படுகிறவர் என்றுதான் தோன்றும்.

அவர் முன்சீப் கோர்ட் அமீன். அடுப்படியில் நின்ற காளியம்மாளையும் அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்களையும் வெளியேற்றி, இடத்தை மிராசுதாரிடம் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு அவர் கையில் இருந்தது.

ரோஜாப்பூ காலையில் ஆபீஸில் குத்திவிட்டது. அன்றோடு அவருக்கு ரிடையர்மென்ட். கடைசி நாளிலாவது யார் வீட்டுச் சட்டிபானையையும் தெருவில் வைக்காமல் வீடு போய்ச் சேரலாம் என்றிருந்தார். மதியம் உத்தரவு வந்துவிட்டது.

“கொஞ்சம் பொறுங்கய்யா. நடவுக்குப் போன புள்ளைங்க பசியோட வரும்” என்றாள் காளியம்மாள்.

மிராசுதாரின் காரியஸ்தர் தங்கையன் பொறுக்கவில்லை. கூட வந்த ஆளுக்குக் கண்ணைக் காட்டினார். அவன் கொதிக்கிற பானையைத் துணியால் பிடித்துத் தூக்கி வாசலில் போட்டான். அரைவேக்காட்டுச் சோறு கஞ்சியோடு சேற்றில் ஓடியது.

தங்கையன் வெற்றிலைச் சாற்றை அந்தச் சோற்றின் மேலேயே துப்பினார்.  கூரையைப் பிரிக்கும்போது கிளம்பிய தூசியில் ஜெகபர் அலி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்படி என்னங்க அவசரம்? அறுப்பு முடியற வரைக்குமாவது விட்டிருக்கலாம்ல?”

“நீங்க வேற பாய். குடியிருக்கிற எடம் குடியிருக்கிறவனுக்கேன்னு சட்டம் வரப்போவுதுன்னு பேசிக்கிறாங்க. அப்பறம் இவளுவொளை அசைக்க முடியுமா? அதான் முதலாளி வித்துட்டாரு. ஆத்தோர மனை, காத்து அள்ளிக்கிட்டுப் போவும்.”

“வாங்குனது யாரு?”

“வெளியூரு. ஒரு பொம்பளை பேருக்குத்தான் கிரயப் பேச்சு. ஒரு குடிசை நின்னாலும் கிரயம் கெடையாதுன்னு அந்தம்மா கறாராச் சொல்லிட்டாங்களாம். புரோக்கர் சொன்னான்.”

“என்ன பொம்பளை!” என்று முகம் சுளித்தார் ஜெகபர் அலி. கடன் வாங்கியவர்களையும் கொடுத்தவர்களையும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். முகத்தையே காட்டாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து இத்தனை பேரைத் தெருவில் நிறுத்திய ஒருத்தியை இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

காளியம்மாள் மூட்டையை வாய்க்கால் கரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். அழவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பூவெல்லாம் குத்தியிருக்கீங்க. வீட்டுல விசேசமாய்யா?”

“இன்னையோட எனக்கு வேலை முடியுதும்மா.”

“நல்லாருங்க. இனிமே எங்க இருப்பீங்க?”

“ஆத்தோரமாச் சின்னதா ஒரு வீடு கட்டிக்கிட்டு, நாலு வாழை வச்சுக்கிட்டு...” வருஷக்கணக்காக எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகியது, இங்கேயும் தானாக வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“நானும் அப்படித்தாய்யா நெனச்சிருந்தேன். கை கால் ஓஞ்சா ரெண்டு ஆட்டைக் கட்டிக்கிட்டு இங்கேயே கெடக்கலாம்னு.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ரோஜாப்பூவைப் பிய்த்து வாய்க்காலில் எறிந்துவிட்டு, இடத்தை ஒப்படைத்ததற்குத் தங்கையனிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் ஆபீஸில் வைத்திருந்த டீ பார்ட்டிக்கு அவர் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டார். எத்தனை வாளி ஊற்றியும் அந்தத் தூசி போனதாகத் தெரியவில்லை.

உள்ளே நெய்ச்சோறு மணத்தது. மனைவி மெஹராஜ் பேகம் புதுச்சேலை கட்டியிருந்தாள். தாய்வீட்டுச் சொத்தில் பங்கு வந்ததிலிருந்தே அவள் எதையோ மனசுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லாமல் இருக்கமாட்டாள் என்று முகமே சொல்லியது.

“உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன். மொதல்ல சாப்பிடுங்க, அப்பறம் சொல்றேன்.”

சாப்பிட உட்கார்ந்தார். தட்டைத் தள்ளி வைத்தார். நடந்ததையெல்லாம் கொட்டினார். சேற்றில் ஓடிய சோற்றை, அதன் மேல் விழுந்த எச்சிலை, மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவளை.

“துப்புனவனைக் கூட மறந்துடுவேன் மெஹராஜ். கூலிக்கு மாரடிக்கிறவன். நானும் அதைத்தானே செஞ்சேன். ஆனா அந்த எடத்தை வாங்குனாளே ஒருத்தி! ஒரு குடிசை இருக்கக் கூடாதாம். அங்க இருக்கறது மனுசங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாளா?”

மெஹராஜ் பேகத்தின் கையிலிருந்த கரண்டி சட்டியிலேயே நின்றது.

“எந்த ஊருலங்க?”

“மேலக்கொல்லை. வீரசோழன் ஆத்தங்கரை.”

அவள் மெதுவாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் கவனிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, அடங்காமல் சொன்னார்:

“அவ கட்டப்போற வீடு உருப்படுமா? அதுல ஒரு நாளாவது அவ நிம்மதியாக் கண்ணை மூடுவாளா?”

“சாபம் விடாதீங்க” என்றாள் மெஹராஜ் பேகம். “அந்த வீட்டுலதாங்க நாம இருக்கப்போறோம்.”