வெட்டிய நான்கு நிமிடங்கள்

மீள்குடியேற்றத்தின் ஆறாம் ஆண்டு, பெப்ரவரி 21, வியாழன்.

ஊர்க்கூட்டப் பதிவுகளைக் கேட்டுத் தானே விதி எழுதும் கணினிப் பெட்டிக்கு, கூட்டப் பதிவாளராகிய நான் அனுப்பிய ஒலிப்பதிவில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். புதுத் தெரு தென்னங்காணி வழியே போகலாமா என்று கேட்டபின், ஊரார் நான்கு நிமிடம் பேசாமல் நின்றார்கள். வெறும் இடைவெளி என்று நினைத்து அதை வெட்டிவிட்டேன். ஆட்சேபம் இல்லை என்று பெட்டி அன்றே விதி எழுதிவிட்டது.

இன்று தென்னங்காணியில் எல்லைக்கல் நடப் போனபோது அந்த ஊர் மகிழ்வதனி அக்கா மறித்தார்.

"தங்கச்சி, கடைசிச் சண்டையில செத்த சனத்தை இந்த மண்ணுக்கைதான் தாட்டனாங்கள். என்ர பிள்ளையும் இதுக்கை."

"கூட்டத்தில ஏனக்கா சொல்லேல்லை?"

"சொன்னனாங்கள்தானே! ஊரே வாய் திறக்காமல் நிண்டது. உங்கட பெட்டிக்குச் சத்தம் மட்டும்தான் கேக்குமோ?"

ஆட்சேபம் எழுதும் முறையை மாலை வகுப்பில் படித்திருக்கிறேன். சரியாக எழுதுவேனா என்று தெரியவில்லை. விதியை மறுக்கும் அவகாசம் நாளை மாலை நான்கு மணியுடன் முடிகிறது.

நாளை: காலை ஆறரை பஸ்ஸில் போய் அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். ஊர் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றாலும் ஒரு நொடியும் வெட்டாமல், அதை ஆட்சேபம் என்று எழுதி, என் பெயரில் அனுப்ப வேண்டும்.