காலி நாற்காலிக்கு முதலுதவி

"இந்த நாற்காலியில இருக்கறவருக்கு ஊசி போட்டதும் மூச்சு முட்டுது. என்ன செய்வீங்க?"

காலி நாற்காலியைக் காட்டித்தான் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் உடனே மேசைக்கு அடியில் இருந்த மணியை அழுத்தினாள்.

தனியார் க்ளினிக்குகளைச் சோதிக்கும் அதிகாரி நான். முதுகுக்குப் பின்னால் என் பெயர் 'பூட்டு மேடம்'. அவசர சிகிச்சைப் பகுதியில் நான் ஒரு பெருக்கல் குறி போட்டால் அன்றே கதவுக்குப் பூட்டு. இந்த க்ளினிக்கின் டாக்டருக்கும் அது தெரியும்.

காலையிலிருந்து குடைந்து குடைந்து பார்த்துவிட்டேன். கருவிகளைக் கிருமி நீக்கும் இயந்திரத்தின் பதிவு, தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்பநிலை, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பா, அவசர மருந்துகள், எல்லாம் கச்சிதம். குறையே இல்லாத இடம் என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தொழில் புத்தி. அதனால்தான் இந்த நாடகம்.

மணி ஓய்வதற்குள் நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டிய டாக்டர் மருந்துத் தட்டோடு ஓடி வந்து, காலி நாற்காலியின் முன் மண்டியிட்டார்.

நர்ஸ் ஆம்பூல் எனும் சிறு கண்ணாடி மருந்துக் குப்பி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் நிறத்தையும் உரக்கச் சொன்னார். டாக்டர் அதை வாங்கித் தன் கண்ணாலும் பார்த்து, அதே மூன்றையும் திருப்பிச் சொன்னார். அப்புறம்தான் ஊசியைக் கையில் எடுத்தார்.

என் கடிகாரத்தில் நாற்பத்தெட்டு நொடி.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இல்லாத நோயாளிக்காக ஒரு டாக்டர் இப்படி வியர்த்து, பன்னிரண்டு வருட வேலையில் நான் பார்த்ததில்லை. காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று, "பொழச்சிட்டாரா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி எல்லோரிடமும் கேட்பேன். இங்கே இதுவரை ஏதாவது தப்பு நடந்திருக்கிறதா? இல்லவே இல்லை என்பார்கள், சத்தியம் செய்யாத குறையாக.

டாக்டர் உள்ளே போய் ஒரு தடித்த நோட்டைக் கொண்டு வந்தார். முதல் பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தார்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. க்ளினிக் வேறு தெருவில், ஒரு வாடகை மாடியில் இருந்த காலம். ஊசி போட்டதும் ஒரு தையல்காரப் பெண்ணுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அதை நிறுத்தும் அவசர மருந்தை எடுத்தால் ஆம்பூலுக்குள் பழுப்பு நிறம். காலாவதியாகி நான்கு மாதம். மிச்சமிருந்த பழைய ஆம்பூல்களைப் புதிய பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் இருந்த தேதி சரி, உள்ளே இருந்ததுதான் சரியில்லை.

அடுத்த தெரு மருந்துக் கடைக்கு ஓடி வேறு மருந்து வாங்கிவர ஒன்பது நிமிடம் ஆகியிருக்கிறது. அதற்குள் அந்தப் பெண்ணின் உதடு நீலமாகிவிட்டது. அவள் பிழைத்தது அதிர்ஷ்டம், என் வைத்தியம் அல்ல என்று எழுதியிருந்தார். அன்று மாலையே அவளிடமும் அவள் கணவனிடமும் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும் இருந்தது.

காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: நான் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

யாரும் புகார் செய்யாத தப்பு. அதைத் தன் கையாலேயே எழுதி, பூட்டுப் போட வந்தவளின் கையில் கொடுக்கிறார். இப்படியும் ஒரு மனிதரா!

பக்கத்தைத் திருப்பினேன். சம்பவத்துக்கு ஆறு நாள் முன்பு எங்கள் அலுவலகம் கொடுத்த சோதனை அறிக்கையை அங்கே ஒட்டி வைத்திருந்தார். அவசர மருந்துகள்: திருப்தி.

பெட்டியைத் திறக்காமலே திருப்தி என்று எழுதிய அந்தச் சோம்பேறி யார் என்று பற்றிக்கொண்டு வந்தது. அடியில் பார்த்தேன்.

கையெழுத்து என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாளைக்கு ஐந்து க்ளினிக் பார்த்த காலம். அந்த மாடிகூட எனக்கு நினைவில்லை.

மேசை மேல் இன்றைய படிவம் கிடந்தது. அவசர மருந்துகளுக்கு எதிரே காலையிலேயே டிக் போட்டிருந்தேன், பெட்டியின் மேல் இருந்த தேதியைப் பார்த்து.

டாக்டர் தட்டிலிருந்த பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.