நேற்றைய லாபம்

பங்குச்சந்தை மூடும் மூன்றரை மணிக்கு அரியாங்குப்பத்திலிருந்து சந்திரமோகன் போன் போட்டார். நாள் முழுக்க அவர் வாய் திறப்பது அந்த ஒரு போனுக்குத்தான்.

“இன்னிக்கு ஏழாயிரம் லாபம்யா!”

“அவ்ளோதானா? எனக்குப் பத்து!” என்றார் வெற்றிவேல். ஆபீஸ் நாளிலிருந்தே போட்டி.

“ஒனக்கு வாய்தான்யா!” என்று எரிச்சலோடு போனை வைத்தார் சந்திரமோகன்.

டிவியில் செய்தி ஓடியது: ‘வடக்கே ஹோலி. பங்குச்சந்தைக்கு இன்று விடுமுறை.’

சந்திரமோகனுக்கு வியர்த்தது. இருந்த பங்குகளையெல்லாம் விற்று நான்கு வருடமாகிறது. மானம் போச்சே!

பிறகுதான் உறைத்தது. வெற்றிவேலுக்கும் இன்று லாபமாம்.

மறுநாள் மூன்றரைக்கு வெற்றிவேலே கூப்பிட்டார்.

“நேத்து...” என்று இழுத்தார்.

“நேத்து நீதான்யா ஜெயிச்சே. இன்னிக்கு எவ்ளோ, சொல்லு” என்றார் சந்திரமோகன்.