பதிவு செய்த வாய்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய்களுக்குப் பல் டாக்டர் மாதம் இரண்டு முறை வீட்டுக்கே வருவார். அங்கே வீட்டுவேலை செய்யும் தெய்வானைக்கோ, மனிதர்களின் பல் ஆஸ்பத்திரியில் பதினாலு மாதம் கழித்துத்தான் தேதி கொடுத்திருந்தார்கள்.

அன்று நாய் ஜிலேபியை மடியில் வைத்து அதன் வாயைத் திறந்து பிடித்திருந்தாள். அவள் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"டாக்டர், அப்படியே எனக்கும் பார்த்துடுங்களேன். கடைவாய்ப் பல்லு உசுரு போகுது."

டாக்டர் சங்கடப்பட்டார். "பதிவு பண்ணின வாய்க்குத்தான்மா இந்த மெஷின் வேலை செய்யும்."

"அதுக்கென்ன, இவளையும் எங்க வீட்டுப் பேர்ல சேர்த்துடறேன்," என்றாள் வீட்டுக்காரி ரோகிணி, பெரிய மனசோடு. செல்போனில் செல்லப்பிராணிப் படிவத்தைத் திறந்தாள். "பேரு தெய்வானை. வயசு நாப்பத்தொண்ணு. இனம்... 'மற்றவை'ன்னு போட்டுக்கறேன். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுல்ல?"

பதினோரு வருஷமாக அந்த வீட்டுக்குச் சோறாக்கிப் போட்டவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பல்வலிக்காகப் பொறுத்துக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி," என்று ரோகிணி சிரித்தாள். "கடிக்குமான்னு கேக்குது. இல்லன்னு போட்டுடறேன்."

தெய்வானை நாயை இறக்கிவிட்டு எழுந்தாள். ரோகிணியின் கையிலிருந்த செல்போனை வெடுக்கென்று பிடுங்கி, 'ஆம்' என்பதைத் தானே அழுத்தினாள்.

"பதிவாயிடுச்சு. இப்பப் பாருங்க டாக்டர்," என்று நாற்காலியில் உட்கார்ந்து வாயை அகலத் திறந்தாள்.

டாக்டர் விரலை உள்ளே விடத் தயங்கினார்.