இடது லீவர்

ஜெசிந்தாவின் குளியலறைச் சுவரை இடித்தது நான்தான். டிராக்டர்மேல் பழி போடுவதற்கில்லை. அது சொன்னபடி கேட்டது.

சொன்னதுதான் தப்பு.

டயருக்குப் பதிலாக இரும்புச் சங்கிலியில் ஊர்ந்து போகிற, பழைய காலத்துச் சின்ன செயின் டிராக்டர் அது. ஸ்டியரிங் கிடையாது. இரண்டு லீவர்கள். இடது லீவரை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும், வலதை இழுத்தால் வலப்பக்கம். குழந்தைகூட ஓட்டிவிடும் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வண்டியில் மட்டும் ஒரு கோளாறு. எவரோ இடது லீவரைப் பாதியில் அறுத்து, ஒரு குழாயை வளைத்துப் பற்றவைத்து, வலது லீவருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஒரே கைக்கு எட்டும்படி.

பதற்றத்தில் எது எது என்று மறந்து, ஒன்றை இழுத்தேன்.

உள்ளே யாரும் குளிக்கவில்லை. அந்த அளவில் எனக்கு நேரம் நன்றாக இருந்தது.

அடுத்த வீட்டு ஜெசிந்தா ஓடி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சுவரைப் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்த அவருடைய பெட்ஷீட்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்க்கவில்லை.

"லீவருக்கு ஒண்ணும் ஆவலையே சார்?" என்றார்.

அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சுவரை நானே கட்டித் தருகிறேன் என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகத்தில் பயம் தெரிந்தது. கொத்தனாரை அனுப்பிவைத்தேன்.

திண்டிவனத்துக்கு வெளியே, மூடிப்போன அரிசி ஆலையின் பின்னால் முள்ளுக்குள் கிடந்த வண்டி. எடைக்குப் போட இருந்ததை வாங்கினேன். அப்போது ஓடாத வண்டியைத் தூரம் நகர்த்த முடியாததால் அங்கேயே, ஜெசிந்தா வீட்டை ஒட்டி ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தேன். இதற்கு நான் சின்னவீடு வைத்திருந்தால்கூடச் செலவு குறைவாக இருந்திருக்கும் என்று விழுப்புரத்தில் என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

துருவைச் சுரண்டச் சுரண்ட எனக்கு ஒரே கேள்விதான். இரண்டு லீவரும் எதற்கு ஒரே கைக்கு?

கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பொறுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஓட்டியவருக்கு இடது கை கிடையாது என்று நானே முடிவுகட்டினேன். டீக்கடையில் நான் சொன்ன கதையில் ஒருநாள் அந்தக் கை போரில் போனது. மறுநாள் கரும்பு மிஷினில் போனது. இடப்பக்க மட்கார்டின் விளிம்பில் மட்டும் ஒரு ரப்பர் குழாயைப் பிளந்து, கூர் குத்தாதபடி மாட்டியிருந்தார்கள். பாவம், கை போன தோளைச் சாய்த்துக்கொள்ள என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

ஜெசிந்தா அதே ஊரில் பிறந்தவர். அவரிடமும் கேட்டேன், யார் ஓட்டினது, கை எப்படிப் போனது என்று. கேட்ட கையோடு கரும்பு மிஷின் கதையையும் சொன்னேன்.

"அதான் நீங்களே சொல்லிக்கினு இருக்கீங்களே சார்" என்றார்.

அந்த ரப்பர் குழாயைக் கழற்றிக் குப்பையில் போட்டபோது மட்டும் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் பிடிக்கவாம். நீளவாக்கில் பிளந்த குழாயில் எந்தத் தண்ணீரைப் பிடிப்பார் என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பழைய வண்டிகளின் கண்காட்சி. புதிதாக வந்து இறங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒட்டு வேலை தெரிந்தால் போட்டியிலிருந்தே தள்ளிவிடுவார்கள். போன வருஷம் என் ஸ்கூட்டர் மாற்றிப் போட்ட ஒரு கண்ணாடிக்காக வெளியே போனது. இந்த முறை கோப்பை இல்லாமல் வீட்டுக்குப் போனால், வீட்டில் கதவு திறக்குமா என்பது சந்தேகம்.

ஆகவே வளைந்த லீவரை அறுத்து எறிந்துவிட்டு, நேரான ஒன்றைப் பொருத்துவது என்று முடிவு.

வெல்டர் தென்னரசு கிரைண்டரோடு வந்தான். அறுக்க வேண்டிய இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போட்டேன்.

"அறுத்துட்டா மறுபடி இதே மாரி வராது சார். அப்புறம் என்னைப் பேஜாரு பண்ணக் கூடாது" என்றபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

கிரைண்டர் சுழல ஆரம்பித்தது.

பாதி எழும்பியிருந்த புதுச் சுவரைத் தாண்டி வந்த ஜெசிந்தா, நான் போட்ட கோட்டின்மேல் கையை வைத்தார்.

தென்னரசு பதறிப்போய் சுவிட்சை அணைத்தான். "இன்னாக்கா நீ, கை போயிடும்."

அவர் கையை எடுக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைத்தான் திரும்பவும் கேட்டேன். "ஏம்மா, அந்த மனுஷனுக்கு இன்னொரு கை எப்படித்தான் போச்சு?"

இந்த முறை பதிலை நான் சொல்லவில்லை.

"எங்கப்பாவுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார். "என்னைப் பெத்துப் போட்டுட்டு எங்கம்மா செத்துப்போச்சு. வூட்ல பாத்துக்க ஆளு கெடையாது. மல்லாட்டை போடக் கொல்லை உழும்போதெல்லாம், வலது கையில லீவரு ரெண்டும். இடது கையில நானு."