தலைமாடு கால்மாடாக

ஜன்னல் வெயில் கட்டில் வரை வந்துவிட்டது. தையல்காரி விரிப்பை உருவியதும், மெத்தையின் இடதுபக்கம் ஆள் நீளத்துக்கு விழுந்திருக்கும் பள்ளம் தெரிகிறது. லாரி கவிழ்ந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அவள் புருஷன் படுத்தே கிடந்த இடம் அது. இன்றைக்கு அவர் பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருக்கிறது.

“இதைத் தூக்கிப் போட்டுடு. பார்க்கவே பிடிக்கலை.”

“நல்ல மெத்தைங்க. தலைமாட்டைக் கால்மாடா திருப்பிப் போட்டா இன்னும் பல வருஷம் உழைக்கும். உங்க லாரி டயரை நீங்க முன்னும் பின்னும் மாத்திப் போட்டதில்லையா?”

“அதுக்கு ஜாக்கி வேணும்.”

“இருக்கே,” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிறாள். அவருக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே இடுப்பும் வலிக்கிறது.

அவள் முட்டியைக் கொடுத்துத் தள்ளுகிறாள். மெத்தை பாதி திரும்பி, ஒரு மூலை சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. கட்டிலடித் தூசி கிளம்பி வெயிலில் மிதக்கிறது. இன்னொரு தடவை தம் பிடித்துத் தள்ளுகிறாள். அசையவில்லை.

“பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடு.”

“வேண்டாம்.”

அவர் ஒரு கையை நீட்டி, அந்த மூலையைப் பற்றுகிறார். ‘விடுங்க’ என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொள்கிறாள். ஒரு கைக்கு மெத்தை மசியவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற கையையும் கொண்டுவருகிறார். கால்கள் நடுங்குகின்றன, ஆனால் மடங்கவில்லை. பீரோவை யாரும் பிடித்திருக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம்,” என்கிறாள் அவள், “இழுங்க.”